பாஸ்டன் 2017: பள்ளி மணியை மாற்றப் போய்ப் பதினைந்தே நாளில் பின்வாங்கிய கதை

2017 டிசம்பர் 6, புதன்கிழமை. பாஸ்டன் நகரப் பள்ளிக் குழு கூடி, பள்ளிகள் தொடங்கும் நேரத்தை மாற்றுவதற்கான கொள்கையை ஒருமனதாக நிறைவேற்றியது. முப்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. மறுநாளே எந்தப் பள்ளிக்கு எந்த நேரம் என்ற பட்டியல் வெளிவந்தது. டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை, அந்தப் பட்டியலை நிர்வாகமே திரும்பப் பெற்றுக்கொண்டது.

பெரிய பிள்ளைகளின் பள்ளியைத் தாமதமாகத் தொடங்க நினைத்த இந்தத் திட்டத்தின் பக்கம் மருத்துவம் இருந்தது, கணக்கு இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. ஒரு வாக்குகூட எதிர்த்து விழவில்லை. அப்படியும் திட்டம் ஏன் விழுந்தது என்று படிக்கப் படிக்க, எனக்குப் பட்டது ஒன்றுதான்: பஸ் செலவுக்கு நிர்வாகத்தின் கணக்கில் ஒரு பத்தி இருந்தது, வீடுகளின் பிற்பகலுக்கு இல்லை.

எழ முடியாத பிள்ளைகள்

இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்தது வீட்டிலிருந்து. அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் ஊர் பாஸ்டன் இல்லை, ஆனால் கதை அதேதான். பெரியவன் ஒன்பதாம் வகுப்பு போன வருடம் பள்ளியில் முதல் மணி 7:20. பஸ் 6:35க்கு வந்துவிடும். 5:45க்கு நான் அவன் அறைக்குப் போய் விளக்கைப் போடுவேன். போர்வைக்குள்ளிருந்து "எழுந்துட்டேம்மா" என்று குரல் மட்டும் வரும். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒரு காலில் மட்டும் சாக்ஸ் மாட்டிக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பான்.

எல்லாம் செல்போனால்தான் என்று முடிவு கட்டினேன். இரவு பத்து மணிக்குப் போனை வாங்கி எங்கள் அறையில் வைத்தேன். அன்று பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது எட்டிப் பார்த்தால், இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தான். "தூக்கம் வரலம்மா" என்றான். சோம்பேறி என்று அவனைத் திட்டியதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. பருவ வயதில் உடல் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சிறு பிள்ளைகளுக்குச் சுரப்பதைவிட ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொன்று தாண்டித் தூங்குகிற பிள்ளையை 5:45க்கு எழுப்பினால் ஏழு மணி நேரம்கூடத் தேறாது.

இதை ஆய்ந்து காட்டியவர்களில் முக்கியமானவர் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கேடன். பாஸ்டனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பிராவிடன்ஸ் நகரத்தில் வேலை செய்தவர். ஒன்பதாம் வகுப்பில் 8:25க்குப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் 7:20க்குப் போக வேண்டி வந்தால் என்ன ஆகிறது என்று பார்த்து, 1998இல் வெளியிட்டார். காலை 8:30க்கு அவர்களைப் படுக்க வைத்துச் சோதித்தபோது, கிட்டத்தட்டப் பாதிப் பேர் கண்ணயர்ந்த சில நிமிடங்களில் கனவுத் தூக்கத்துக்குள் போனார்கள். வழக்கமாக அந்தக் கட்டம் வர ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகும். உடம்பைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைகளுக்கு அது இன்னும் நடு இரவு. வகுப்பில் அந்த நேரத்தில் அல்ஜீப்ரா நடந்துகொண்டிருக்கும்.

2014இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், நடுநிலை, மேல்நிலைப் பள்ளிகள் 8:30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னது. அதனால் 2017இல் பாஸ்டனில் யாரும் மருத்துவத்தோடு சண்டை போடவில்லை. சண்டை முழுக்க பஸ்ஸைப் பற்றியும் பணத்தைப் பற்றியும்தான்.

ஒரு பஸ், மூன்று நடை

அமெரிக்காவில் பள்ளி நேரத்தைப் பல ஊர்களில் முடிவு செய்வது மஞ்சள் பஸ். ஒரு பஸ்ஸும் ஒரு டிரைவரும் காலையில் ஒரே ஒரு நடை போனால் நிர்வாகத்துக்குக் கட்டுப்படியாகாது. அதே பஸ் 7:30 பள்ளிக்கு ஒரு நடை, 8:30 பள்ளிக்கு ஒரு நடை, 9:30 பள்ளிக்கு ஒரு நடை போனால், மூன்று பஸ் செய்யும் வேலையை ஒன்றே செய்துவிடும். அதற்காகப் பள்ளிகளை மூன்று அடுக்காகப் பிரித்துவிடுகிறார்கள். யாராவது முதல் அடுக்கில் இருந்தே ஆக வேண்டும். பெரிய பிள்ளைகள் தனியாக எழுந்து போய்விடுவார்கள், சாயங்காலம் விளையாட்டுப் பயிற்சி இருக்கிறது, சிலர் கடையில் பகுதி நேர வேலை பார்க்கிறார்கள் என்று சொல்லி, அந்த முதல் அடுக்கைப் பெரும்பாலும் மேல்நிலைப் பள்ளிகளின் தலையில் வைத்துவிட்டார்கள். இப்போது ஒரு பள்ளியை அங்கிருந்து நகர்த்த வேண்டுமென்றால், அந்த இடத்துக்கு வேறொரு பள்ளி வர வேண்டும், இல்லையென்றால் புதிதாக பஸ் வாங்க வேண்டும்.

பாஸ்டனில் இந்தச் சுமை மற்ற ஊர்களைவிடப் பெரியது. நகரப் பள்ளிகளில் சுமார் 55,000 மாணவர்கள், ஏறத்தாழ 125 பள்ளிகள். இவை போக, சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி), தனியார் பள்ளி மாணவர்கள் பலரையும் நகரமே ஏற்றிச் செல்ல வேண்டியிருப்பதால், 230 பள்ளிகளுக்கு மேல் பஸ் போய்ச் சேர வேண்டும். ஓடியவை சுமார் 650 பஸ்கள். வருடச் செலவு 12 கோடி டாலர் அளவு, மொத்த பட்ஜெட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு பஸ் ஏன் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1974இல் ஃபெடரல் நீதிபதி ஆர்தர் கேரிட்டி, பாஸ்டன் பள்ளிகள் திட்டமிட்டே நிற அடிப்படையில் பிரித்து வைக்கப்பட்டிருந்தன என்று தீர்ப்பளித்து, பிள்ளைகளைப் பகுதி விட்டுப் பகுதி ஏற்றிச் சென்று சேர்க்க உத்தரவிட்டார். அந்த செப்டம்பரில் தெற்கு பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பஸ்கள் மேல் கல் விழுந்தது. அந்த ஏற்பாடு பிறகு பலமுறை மாறிவிட்டது. ஆனாலும் வீட்டிலிருந்து தொலைவில் உள்ள பள்ளியில் படிக்கும் வழக்கம் தங்கிவிட்டது, பள்ளி பஸ் என்றாலே அந்த ஊரில் பழைய காயமும் சேர்ந்து வரும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பாஸ்டனில் ஏழாம் வகுப்புக்கு மேல் பெரும்பாலான மாணவர்கள் நகரத்தின் ரயிலிலும் பஸ்ஸிலும் பாஸ் காட்டிப் போகிறவர்கள். அப்புறம் எதற்கு அவர்கள் பள்ளியின் மணி மஞ்சள் பஸ் கணக்குக்குள் வருகிறது? உடல்நிலை காரணமாகவும் சிறப்புக் கல்வித் தேவை காரணமாகவும் வீட்டு வாசலிலேயே ஏற வேண்டிய மாணவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு பஸ் அனுப்புவது சட்டப்படி கட்டாயம். ஆகவே எந்தப் பள்ளியைத் தொட்டாலும் பஸ் கணக்கு அசையும்.

கணினி போட்ட பட்டியல்

2017இல் நிர்வாகம் இந்தச் சிக்கலை வெளியாருக்கும் ஒரு போட்டியாகத் திறந்துவிட்டது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியிலிருந்து பேராசிரியர் டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸும் அவருடைய மாணவர்கள் ஆர்தர் டெலாரூ, செபாஸ்டியன் மார்ட்டின் இருவரும் முன்வந்தார்கள். முதல் வேலை வழித்தடம். அதுவரை ஊழியர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து போட்டுவந்த வழித்தடங்களை, அவர்கள் எழுதிய நிரல் அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தது. 50 பஸ் குறைந்தது, வருடத்துக்கு 50 லட்சம் டாலர் மிச்சமானது. பிள்ளைகளுக்கான சேவை குறையவில்லை, யாரும் தெருவுக்கு வரவும் இல்லை.

அந்த நம்பிக்கையில் அடுத்ததாகப் பள்ளி தொடங்கும் நேரத்தையும் அதே குழுவிடம் கொடுத்தார்கள். பள்ளிக் குழு கேட்டது இவ்வளவு: பெரிய வகுப்பு மாணவர்களில் முடிந்தவரை அதிகம் பேருக்கு 8 மணிக்குப் பிறகு பள்ளி தொடங்க வேண்டும். சின்ன வகுப்புகளில் முடிந்தவரை குறைவானவர்களே சாயங்காலம் 4 மணி தாண்டி வெளியே வர வேண்டும். சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கு ஏற்ற நேரம் வேண்டும். போக்குவரத்தில் மிச்சமாகும் பணம் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும்.

நிரல் இதையெல்லாம் செய்தது. 8 மணிக்குப் பிறகு தொடங்கும் பெரிய மாணவர்களின் பங்கு 27 சதவீதத்திலிருந்து 94 சதவீதமானது. 4 மணி தாண்டி வெளியே வரும் சின்னப் பிள்ளைகளின் பங்கு 33இலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. இந்த எண்களை மட்டும் ஒருவர் பார்த்தால் கைதட்டத்தான் தோன்றும்.

ஆனால் பெற்றோர் யாரும் சதவீதத்தைப் பார்க்கவில்லை. பட்டியலில் தன் பிள்ளையின் பள்ளிப் பெயரைத் தேடினார்கள். ஐந்து பள்ளிகளில் நான்குக்கும் மேல் நேரம் மாறியிருந்தது. சில பள்ளிகளுக்கு இரண்டு மணி நேர வித்தியாசம். சில ஆரம்பப் பள்ளிகளுக்குக் காலை 7:15 மணி, பிற்பகல் 1:15க்கு விடுதலை.

1:15 என்றால் என்ன

இந்த ஒரு எண்ணில்தான் திட்டம் சிக்கியது என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

ஐந்து வயதுக் குழந்தை. பள்ளி 7:15க்கு. பஸ் நிறுத்தத்தில் 6:30க்கெல்லாம் நிற்க வேண்டியிருக்கலாம். ஜனவரி தொடக்கத்தில் பாஸ்டனில் சூரியன் உதிப்பதே 7:13க்கு. உறைகுளிர், இருட்டு, பனி குவிந்த நடைபாதை. குழந்தையோடு பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். அதே பெரியவர் பிற்பகல் 1:15க்கு முடியும் பள்ளியின் பஸ் வரும்போதும் அங்கே நிற்க வேண்டும். அம்மா ஆஸ்பத்திரியில் உதவியாளர், வேலை முடிய ஐந்து மணி என்று வைத்துக்கொள்வோம். வீடு வர ஐந்தரை. நடுவில் நான்கேகால் மணி நேரம். மாசசூசெட்ஸில் பள்ளி ஆண்டு 180 நாள். பெருக்கிப் பார்த்தால் வருடத்துக்கு 765 மணி நேரம் யாரோ ஒருவர் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய நேரத்திலும் இந்த இடைவெளி கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் அதற்குத் தகுந்த மாதிரி பாட்டியோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பிற்பகல் காப்பகமோ வருடக்கணக்கில் ஒழுங்கு செய்து வைத்திருந்தது. 9:30க்குத் தொடங்கிக்கொண்டிருந்த பள்ளி 7:15க்குப் போனால் அந்த ஒழுங்கு மொத்தமும் போயிற்று.

மணி நேரக் கூலிக்கு வேலை செய்கிறவர் மேலாளரிடம் போய், "செப்டம்பரிலிருந்து ஒரு மணிக்குக் கிளம்பணும்" என்று சொல்ல முடியாது. காப்பகத்தில் சேர்க்கலாம் என்றால் அங்கே இடம் வேண்டும், கட்டப் பணமும் வேண்டும். பள்ளி நிர்வாகம் பஸ்ஸில் மிச்சம் பிடிக்கும் டாலரில் ஒரு பகுதி இப்படி வீடுகளின் செலவாகத் திரும்பி வருகிறது. நிர்வாகத்தின் வரவு செலவில் அது தெரியவே தெரியாது. நிரலுக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்லவில்லை. நான்கு மணிக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு எல்லை சொன்னார்கள். ஒன்றரைக்கு முன்னால் விடக் கூடாது என்று அதே அழுத்தத்தோடு ஒரு எல்லை சொல்லியிருந்தால் பட்டியல் வேறு மாதிரி வந்திருக்கும். பஸ் செலவு கூடியிருக்கும், அவ்வளவுதான். அந்த விலையை முன்கூட்டியே ஊர் முன்னால் வைத்து, "இவ்வளவு ஆகும், கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கலாம்.

பதினைந்து நாள்

பட்டியல் வந்த அன்றிலிருந்தே கோபம் கிளம்பியது. இணையத்தில் மனுக்களில் ஆயிரக்கணக்கில் கையெழுத்து விழுந்தது. சமுதாயக் கூட்டங்களில் பெற்றோர் எழுந்து நின்று கத்தினார்கள், அழுதார்கள். நேரம் மாறப்போவது 2018 செப்டம்பரில். ஆனால் பிள்ளையை எந்தப் பள்ளிக்குப் பதிவு செய்வது என்று முடிவெடுக்கும் ஜனவரி வாசலில் நின்றது. நிர்வாகம் அதற்கு முன்னால் கருத்துக் கேட்காமல் இல்லை. கூட்டம் போட்டார்கள், பெற்றோரிடம் கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஆனால் அவர்கள் கேட்டது பொதுவான விருப்பத்தை. பெரிய பிள்ளைகள் தாமதமாகத் தொடங்கலாமா என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? அதற்காக உங்கள் சின்னவள் ஒன்றேகாலுக்கு வெளியே வந்தால் பரவாயில்லையா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அந்தக் கேள்வி ஊருக்கு வந்து சேர்ந்தபோது அது கேள்வியாக வரவில்லை, முடிந்துபோன விடையாக வந்தது.

இன்னொன்றும் உண்டு. பாஸ்டன் பள்ளிக் குழுவின் ஏழு பேரும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை, மேயர் நியமித்தவர்கள். மார்ட்டி வால்ஷ் இரண்டாம் முறை மேயராக வென்றது அந்த வாக்கெடுப்புக்கு முந்தைய மாதம்தான். கோபப்பட்ட பெற்றோருக்கு வாக்கால் பதில் சொல்ல வழி இல்லாதபோது, அரங்கத்தை நிரப்புவதுதான் மிச்சமிருந்த வழி. ஒருமனதான வாக்கு என்பது ஊரின் ஒருமனம் ஆகிவிடாது.

டிசம்பர் 22 அன்று பள்ளி நிர்வாகத்தின் தலைவரான கண்காணிப்பாளர் டாமி சாங், புதிய நேரங்கள் வரும் கல்வி ஆண்டில் நடைமுறைக்கு வராது என்று அறிவித்தார். 2018 ஜூனில் அவரும் பதவி விலகுவதாகச் சொன்னார். அதற்கு வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன.

யார் குரல் கேட்டது

பழி முதலில் நிரல் மேல் விழுந்தது. பிள்ளைகளின் வாழ்க்கையைக் கணினி முடிவு செய்வதா என்று கேட்டார்கள். குடிமக்கள் உரிமைக்காக வாதாடும் ஏசிஎல்யூ அமைப்பின் மாசசூசெட்ஸ் கிளையைச் சேர்ந்த கேட் கிராக்ஃபோர்டு அப்போதே எதிர்வாதம் வைத்தார்: நிரல் தன்னிடம் கேட்டதைத்தான் செய்தது, எதைக் கேட்பது என்று தீர்மானித்தவர்கள் அதிகாரிகள். நானும் அந்தப் பக்கம்தான்.

ஆனால் அங்கேயே நின்றுவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அப்போது எம்ஐடி மீடியா லேபின் இயக்குநராக இருந்த ஜோய் இட்டோ சுட்டிக்காட்டிய ஒன்று உறுத்துகிறது. போராட்டப் படங்களில் பெரும்பாலும் தெரிந்தவை வெள்ளை முகங்கள். பாஸ்டன் பள்ளிகளிலோ வெள்ளைக் குழந்தைகள் ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான். எல்லாரும் விரும்பும் நடுக்காலை நேரங்கள் பழைய ஏற்பாட்டில் அவர்களுக்குக் கூடுதலாகவே கிடைத்திருந்தன. புதிய பட்டியல் அதைச் சமமாகப் பிரித்தது. அதனால் இழந்தவர்களில் ஒரு பகுதியினர் இதுவரை கூடுதலாகப் பெற்றுவந்தவர்கள்.

அதற்காக 1:15க்குக் கோபப்பட்டவர்களைச் சுயநலக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு வேலை பார்க்கும் தாய்க்கும் அதே 1:15 வந்தது, அவருக்கு இன்னும் கடுமையாக. வித்தியாசம் என்னவென்றால், அவரால் புதன்கிழமை மாலை கூட்டத்துக்கு வர முடியாது. திட்டம் நின்றதால் காலை எட்டு மணிக்கு முன்பே தொடர்ந்து வகுப்பில் உட்கார வேண்டிய பதினாறு வயதுப் பிள்ளையும் மைக் முன்னால் வந்து நிற்கவில்லை.

பணம் கொடுத்த ஊர்கள்

இதே சிக்கலை வேறு ஊர்களும் சந்தித்தன. சியாட்டில் 2016இல் மேல்நிலைப் பள்ளிகளை 7:50இலிருந்து 8:45க்குத் தள்ளியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் ரூஸ்வெல்ட், ஃபிராங்க்ளின் என்ற இரண்டு பள்ளிகளில் மாணவர்களின் மணிக்கட்டில் அசைவைப் பதியும் கருவி கட்டி, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். பள்ளி நாட்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. "தாமதமாகத் தொடங்கினால் தாமதமாகத் தூங்குவார்கள்" என்று சொன்னவர்களுக்கு அது பதில். மூன்று அடுக்கில் கடைசி அடுக்குப் பிள்ளைகள் இருட்டில் வீடு திரும்புகிறார்கள் என்று அங்கேயும் முறையீடு வந்தது. 2017இல் நகர நிர்வாகம் 23 லட்சம் டாலர் கொடுத்து, மூன்று அடுக்கை இரண்டாகக் குறைக்க உதவியது. கூடுதல் பஸ்ஸுக்கான விலை அது, வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டது.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் 2015இல் மேல்நிலைப் பள்ளியை 7:20இலிருந்து 8 மணியளவுக்குக் கொண்டுவந்தது. அதற்கென ஏறத்தாழ 49 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். அப்படியும் முதல் அடுக்குக்கு யாராவது வேண்டுமே, நடுநிலைப் பள்ளிகள் 7:30க்குத் தொடங்கின. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கும் அந்த நேரம் சீக்கிரம்தான். கலிஃபோர்னியா சட்டமாகவே போட்டது. 2019இல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டு, 2022 ஜூலையிலிருந்து மேல்நிலைப் பள்ளி 8:30க்கு முன் தொடங்கக் கூடாது என்றானது. கிராமப்புறப் பள்ளிகளுக்கு விலக்கு. ஃபுளோரிடா 2023இல் அதே மாதிரி சட்டம் போட்டு, 2026க்குள் மாறச் சொன்னது. பஸ்ஸுக்கும் டிரைவருக்கும் எங்கே போவது என்று பள்ளி நிர்வாகங்கள் முறையிட, 2025இல் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திக்கொண்டது.

பாஸ்டன் செய்திருக்கக்கூடியது கண் முன்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். 50 பஸ் குறைத்து மிச்சமான 50 லட்சம் டாலரைப் பள்ளி நேர மாற்றத்துக்கே ஒதுக்கியிருக்கலாம். 1:15 வரும் பள்ளிகளில் மூன்று, நான்கு மணி வரை பிள்ளைகளை இலவசமாக வைத்துக்கொள்ள அதில் ஏற்பாடு செய்யலாம், அல்லது சில பஸ்களைத் திரும்ப ஓட விட்டு 7:15 அடுக்கையே சுருக்கலாம். எம்ஐடி குழுவின் முறையே ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று எவ்வளவு குறையும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டக்கூடியது. அந்த ஒப்பீட்டைத்தான் பெற்றோர் முன்னால் முதலில் வைத்திருக்க வேண்டும். அவர்கள் கைக்கு வந்தது ஒரே ஒரு பட்டியல்.

2018 செப்டம்பரில் பாஸ்டனில் பள்ளி திறந்தபோது, நிறையப் பெரிய பிள்ளைகளுக்கு முதல் மணி எட்டுக்கு முன்னால்தான் அடித்தது.